தேங்க்ஸ்கிவிங்கை வீட்டில் கொண்டாடுவது எப்படி: உறைந்த வான்கோழி முதல் நன்றி இலை வரை

அமெரிக்காவுக்கு வந்த முதல் 2 வருடமும் நவம்பர் மாதத்து நாலாவது வியாழனை, அதாவது தேங்க்ஸ்கிவிங் என்ற நன்றி சொல்லும் நாளை, வெறும் லீவு நாளாகத்தான் கழித்தோம். நாங்கள் இருக்கும் மாசசூசெட்ஸில் அன்று சட்டப்படியே சூப்பர் மார்க்கெட்டுகள் மூடியிருக்கும். தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வெளியூர் நம்பர் பிளேட் போட்ட கார்கள் வரிசையாக நிற்கும். நம் ஊரில் தீபாவளியன்று வெளியாளாக நிற்பது போல ஒரு தனிமை.

மூன்றாவது வருடம் பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து கதவைத் தட்டினார். "நாலு மணிக்குச் சாப்பாடு, வெறுங்கையோடு வாருங்கள்" என்றார். அவர் மேசையில் இருந்த ரொட்டி, பை (pie) என்ற இனிப்புப் பண்டம், சாஸ் எல்லாமே அவர் கையால் செய்தவை. சாப்பிட்டு முடித்ததும் பேரன் பேத்தி உட்பட ஒவ்வொருவரும் அந்த வருடம் தங்களுக்குக் கிடைத்த ஒன்றைச் சொன்னார்கள். எங்கள் முறை வந்தபோது எனக்கும் என் கணவருக்கும் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. இல்லாமல் இல்லை, அதைச் சொல்லிப் பழக்கமில்லை.

அடுத்த வருடத்திலிருந்து எங்கள் வீட்டில் நாங்களே செய்கிறோம். இது பதினோராவது வருடம். முதல் முறை செய்யப் போகிறவர்களுக்காக எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன். சமையல் குறிப்பு இணையத்தில் எங்கும் கிடைக்கும். எனக்கு முக்கியம் அந்த மேசையில் நடக்கும் பேச்சு. அது நன்றாக நடக்க வேண்டுமென்றால் சமையல் நம்மைக் களைத்துப் போட்டுவிடக் கூடாது. அதனால்தான் இவ்வளவு திட்டம்.

முதலில், பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய கதை

பள்ளிக்கூடத்திலிருந்து உங்கள் பிள்ளை காகிதத் தொப்பியோடு வரும். மேஃப்ளவர் கப்பல், நட்பு, விருந்து என்று ஒரு கதை சொல்லும். அதில் பாதி உண்மை. மீதியை நாம்தான் சொல்ல வேண்டும்.

1620-ல் இங்கிலாந்திலிருந்து 102 பயணிகளோடு வந்த மேஃப்ளவர் கப்பலின் ஆட்கள் இன்றைய மாசசூசெட்ஸில் உள்ள பிளிமத்தில் குடியேறினார்கள். முதல் குளிர்காலத்திலேயே ஏறத்தாழ பாதிப் பேர் இறந்துவிட்டார்கள். அவர்கள் குடியேறிய இடம், வாம்பனோவாக் என்ற பூர்வகுடி மக்களின் பட்டுக்ஸெட் கிராமம். அதற்குச் சில வருடங்கள் முன்புதான் ஐரோப்பியக் கப்பல்கள் கொண்டுவந்த நோயால் அந்தக் கிராமமே அழிந்து போயிருந்தது. டிஸ்குவாண்டம் என்பவர் மட்டும் தப்பியிருந்தார், 1614-ல் ஓர் ஆங்கிலேயக் கப்பல்காரன் அவரை அடிமையாக விற்கக் கடத்திக்கொண்டு போயிருந்ததால். திரும்பி வந்தவர், தன் ஊர் இருந்த இடத்தில் குடியேறிய அந்நியர்களுக்கு, மீனை உரமாகப் புதைத்துச் சோளம் விதைக்கக் கற்றுக் கொடுத்தார். 1621 அறுவடைக்குப் பின் 3 நாள் விருந்து நடந்தது. அதற்கு மாசசாய்ட் என்ற வாம்பனோவாக் தலைவரோடு 90 பேர் வந்தார்கள், 5 மான்களை வேட்டையாடிக் கொடுத்தார்கள். குடியேறியவர்களில் ஒருவரான எட்வர்ட் வின்ஸ்லோ எழுதிய கடிதத்தில் இதெல்லாம் இருக்கிறது. வான்கோழி என்ற பெயர் அந்தக் கடிதத்தில் இல்லை.

மாசசாய்டின் மகன் மெட்டகாம் காலத்தில், 1675-ல், இதே இரண்டு தரப்புக்கும் பெரும் போர் மூண்டது. வாம்பனோவாக் மக்கள் கொல்லப்பட்டார்கள், அடிமைகளாக விற்கப்பட்டார்கள். 1970-லிருந்து ஒவ்வொரு தேங்க்ஸ்கிவிங் அன்றும் பிளிமத்தின் கோல்ஸ் குன்றில் பூர்வகுடிகள் கூடி அதைத் தேசியத் துக்க நாளாக அனுசரிக்கிறார்கள். என் மகளுக்கு 9 வயதானபோது இதைச் சொன்னேன். "அப்போ நாம கொண்டாடலாமாம்மா?" என்று கேட்டாள். "கொண்டாடலாம், ஆனா யாரோட மண்ணுல உட்கார்ந்து சாப்பிடறோம்னு சொல்லிட்டுச் சாப்பிடலாம்" என்றேன். அன்றிலிருந்து எங்கள் மேசையில் முதல் வார்த்தை வாம்பனோவாக் மக்களைப் பற்றியது. அதை என் மகள்தான் சொல்வாள்.

இந்த நாள் நாடு முழுவதற்குமான விடுமுறையானது வெகு பின்னால். சாரா ஜோசஃபா ஹேல் என்ற பத்திரிகை ஆசிரியை வருடக்கணக்காகத் தலையங்கம் எழுதியும், ஜனாதிபதிகளுக்குக் கடிதம் போட்டும் வற்புறுத்தி வந்தார். நம் ஊர் எல்.கே.ஜி. பிள்ளைகள் பாடும் ஆட்டுக்குட்டிப் பாட்டு, 'மேரி ஹேட் எ லிட்டில் லாம்ப்', அவர் எழுதியதுதான். உள்நாட்டுப் போருக்கு நடுவில், 1863 அக்டோபர் 3 அன்று, ஆபிரகாம் லிங்கன் அறிவித்தார். நவம்பரின் நாலாவது வியாழன் என்று சட்டமானது 1941-ல். ஆக, தேதி 22-க்கும் 28-க்கும் இடையில் விழும்.

மூன்று வாரம் முன்: யாரைக் கூப்பிடுவது

சாப்பாட்டுப் பட்டியலுக்கு முன்னால் ஆள் பட்டியல். உறவும் நண்பர்களும் போக, போக்கிடம் இல்லாத இரண்டு பேரையாவது சேருங்கள். பல்கலைக்கழக விடுதிகளில் அந்த வாரம் பாதி விளக்கு அணைந்து கிடக்கும். ஊருக்குப் போக டிக்கெட் எடுக்க முடியாத மாணவர்கள் அறையில் நூடுல்ஸ் கிண்டிக்கொண்டிருப்பார்கள். உங்களுக்குத் தெரிந்த மாணவர் ஒருவரிடம் சொன்னால் போதும், அவர் இன்னொருவரையும் கூட்டி வருவார். எங்களுக்கு அப்படி வந்தவர்தான் ஒரு கொரிய மாணவி, 4 வருடமாக எங்கள் வீட்டு ஆள்.

வருகிறவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள். சைவமா, முட்டை சாப்பிடுவார்களா, எதாவது அலர்ஜி உண்டா. பிறகு ஆளுக்கு ஒரு பதார்த்தம் பிரித்துக் கொடுங்கள். 'எதுவும் வேண்டாம், நீங்கள் வந்தால் போதும்' என்று நம் பழக்கத்துக்குச் சொல்லிவிடாதீர்கள். இந்த நாளில் ஒவ்வொருவரும் தன் கையால் செய்ததைக் கொண்டுவருவதில்தான் சந்தோஷமே. சமைக்கத் தெரியாத மாணவருக்கு ஐஸ் கட்டியும் ஜூஸும், அல்லது சாப்பாட்டுக்குப் பின் பாத்திரம் தேய்க்கும் வேலை.

சைவக்காரர்களுக்கு மேசையில் கண்ணுக்குத் தெரியாத சில பொறிகள் உண்டு. சர்க்கரைவள்ளிக் கிழங்கின் மேல் போடும் மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் இருக்கும், அது மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ வருவது. கடையில் வாங்கும் பை மாவில் சிலவற்றில் பன்றிக் கொழுப்பு. வான்கோழியோடு பரிமாறும் ரொட்டிக் கலவையான ஸ்டஃபிங்கைப் பாக்கெட்டில் வாங்கினால் அதில் கோழி ரசப் பொடி. லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள். விருந்தாளி நம்மை நம்பிச் சாப்பிடுகிறார்.

பத்து நாள் முன்: வேட்டியும் இலையும்

பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் ஒரு வெள்ளை மேசை விரிப்பு இருந்தது. வருடா வருடம் வந்தவர்கள் அதில் கையெழுத்துப் போடுவார்கள். பிறகு அவர் அந்தக் கையெழுத்தின் மேலேயே நூல் ஓட்டித் தைத்துவிடுவார். பல அமெரிக்க வீடுகளில் இந்த வழக்கம் உண்டு. நாங்களும் தொடங்க நினைத்தபோது, ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியார் பெட்டியைத் திறந்து மாமாவின் எட்டு முழ வேட்டி ஒன்றை எடுத்து நீட்டினார். மாமா தவறி 10 மாதம் ஆகியிருந்தது. "இது ஏன் பெட்டியில கிடக்கணும், அவரும் பந்தியில இருக்கட்டுமே" என்றார். இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டால் அது சரியாக மூடும். கரை பச்சை.

உங்களிடம் அப்படி ஒரு துணி இருக்கலாம். பாட்டியின் நூல் புடவை, படுக்கை விரிப்பு, எதுவாயினும் பருத்தியாக இருந்தால் தைக்கச் சுலபம். முன்கூட்டியே ஒரு முறை துவைத்து, சுருங்குவது சுருங்கிய பிறகு பயன்படுத்துங்கள். கையெழுத்துக்குப் பென்சில் அல்லது தண்ணீரில் அழியும் துணிப் பேனா. வருடத்துக்கு ஒரு நூல் நிறம் வைத்துக்கொண்டால் பின்னால் அடையாளம் காணலாம். சங்கிலித் தையல் ஒன்று தெரிந்தால் போதும்.

அடுத்தது இலைகள். பிள்ளைகளை விட்டுத் தோட்டத்தில் அல்லது பூங்காவில் விழுந்து கிடக்கும் நல்ல கிளை ஒன்றை எடுத்து வரச் சொல்லுங்கள். கனமான ஜாடியில் கூழாங்கல் போட்டு அதை நிறுத்துங்கள். தடித்த காகிதத்தில் மேப்பிள், ஓக் இலை வடிவங்களை வெட்டி, காம்பில் துளையிட்டு நூல் கட்டி வைக்கவும். ஆளுக்கு ஒன்று, கூடுதலாக ஐந்தாறு. அவற்றில் என்ன எழுதுவது என்பதைக் கீழே சொல்கிறேன், இந்த வழிகாட்டியின் மையமே அது.

வான்கோழி

அளவு: எலும்போடு சேர்த்து ஆளுக்கு 1 முதல் 1½ பவுண்டு. 10 பேருக்கு 14 பவுண்டு தாராளம். 20 பவுண்டுப் பறவை வேண்டுமென்று யார் சொன்னாலும், முதல் முறைக்கு வேண்டாம். அதற்குப் பதில் இரண்டு சிறியவை நல்லது.

இந்தக் காரியத்தில் தோற்பவர்களில் பெரும்பாலோர் தோற்பது உறைந்த பறவையை உருக்குவதில்தான். புதன் இரவு ஃப்ரீஸரிலிருந்து எடுத்தால் வியாழன் காலையில் அது கல். ஃபிரிட்ஜில் 4 அல்லது 5 பவுண்டுக்கு 24 மணி நேரம் என்பது கணக்கு. 14 பவுண்டுக்கு ஏறத்தாழ 3 நாள். ஆகவே சனிக்கிழமை இரவே ஃப்ரீஸரிலிருந்து எடுத்து, ஆழமான தட்டில் வைத்து, ஃபிரிட்ஜின் கீழ்த் தட்டுக்கு மாற்றிவிடுங்கள். மறந்துபோனால் ஒரு வழி உண்டு. உறையோடு குளிர்ந்த தண்ணீரில் முழுக்கி, பவுண்டுக்கு 30 நிமிடம், ஒவ்வொரு 30 நிமிடத்துக்கும் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். 14 பவுண்டுக்கு 7 மணி நேரம், அப்படி உருக்கினால் உடனே சமைத்துவிட வேண்டும். சமையல் மேடையில் வெளியே வைத்து உருக்கவே கூடாது, உள்ளே உறைந்திருக்கும்போதே மேலே கெட ஆரம்பித்துவிடும்.

நம் கை கோழியைக் கண்டதும் குழாயடிக்குப் போகும். இங்கே கழுவாதீர்கள். தெறிக்கும் தண்ணீரில் கிருமி சிங்க் முழுக்கப் பரவும், பறவையிலிருப்பது வெந்து சாகும். காகிதத் துண்டால் ஈரத்தை ஒற்றினால் போதும். வயிற்றுக்குள்ளும் கழுத்துப் பக்கத்திலும் கழுத்தெலும்பும் ஈரலும் ஒரு பொட்டலமாக இருக்கும். இரண்டு பக்கமும் கை விட்டுப் பார்த்து எடுத்துவிடுங்கள். கழுத்தெலும்பு கிரேவிக்கு வேண்டும்.

செவ்வாய் இரவு உப்பு. 5 பவுண்டுக்கு 1 மேசைக்கரண்டி கல்லுப்பு போன்ற கோஷர் உப்பு, அதாவது 14 பவுண்டுக்கு 3-க்குச் சற்றுக் குறைவு. தூள் உப்பென்றால் பாதி. தோலைக் கிழிக்காமல் விரல் விட்டு நெஞ்சுக் கறியிலிருந்து பிரித்து, உள்ளேயும் தடவி, மூடாமல் ஃபிரிட்ஜில் வையுங்கள். தோல் உலரும், பிறகு மொறுமொறுப்பாக வரும். உறையில் 'உப்பு நீர் ஏற்றப்பட்டது' என்ற பொருளில் எழுதியிருந்தால் உப்பைப் பாதிக்கும் கீழே குறைக்கவும்.

மசாலா தடவலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். தடவலாம், தந்தூரி வான்கோழி செய்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் செய்வதில்லை. சேஜ், தைம், பூண்டு சேர்த்துக் குழைத்த வெண்ணெயை மட்டும் தோலுக்கடியில் வைக்கிறேன். இந்த ஊர்க் காட்டில் பிறந்த பறவையை இந்த ஊர்ச் சமையலின் இலைகளோடு சாப்பிடுவது எனக்குப் பிடித்திருக்கிறது. நம் காரத்துக்கு வேறு இடம் இருக்கிறது, அடுத்து வருகிறது.

புதன்கிழமை: அடுப்படி நாள்

மளிகை முழுவதும் புதனுக்குள் வீட்டில் இருக்க வேண்டும். வியாழன் உப்பு தீர்ந்தால் பக்கத்து வீடுதான் கதி.

கிரான்பெர்ரி: புளிப்பான சிறு சிவப்புப் பழம். நாங்கள் இருக்கும் மாநிலத்தின் தென்கிழக்கு, கார்வர், வேர்ஹாம் பக்கம், சதுப்பு வயல்களில் இது விளைகிறது. அக்டோபரில் வயலில் தண்ணீர் கட்டிப் பழத்தை மிதக்க விடுவார்கள், சிவப்பு ஏரியே போல இருக்கும். அக்வின்னா என்ற ஊரின் வாம்பனோவாக் மக்கள் இன்றும் அக்டோபரின் இரண்டாவது செவ்வாயைக் கிரான்பெர்ரி நாளாகக் கொண்டாடுகிறார்கள். வழக்கமான சாஸ் செய்வது சுலபம். 12 அவுன்ஸ் பாக்கெட் பழம், 1 கப் சர்க்கரை, 1 கப் தண்ணீர், 10 நிமிடம் கொதி. பழங்கள் பட்பட்டென்று வெடிக்கும், ஆறினால் தானாக உறையும்.

ஆனால் எங்கள் வீட்டில் முதலில் தீர்வது கிரான்பெர்ரித் தொக்குதான். அமெரிக்கத் தமிழ், தெலுங்கு வீடுகளில் இப்போது இது பரவலாகிவிட்டது. புளிப்பு அவ்வளவு அருமை, மாங்காய்க்கு மாற்று என்றே சொல்லலாம். அதே 12 அவுன்ஸ் பழத்தைக் கழுவி, ஒரு சொட்டு ஈரமில்லாமல் துணியில் உலர்த்துங்கள். 5 மேசைக்கரண்டி நல்லெண்ணெய் காய்ந்ததும் கடுகு தாளித்து, பழத்தைப் போட்டு, வெடித்துக் குழைந்ததும் 2 மேசைக்கரண்டி மிளகாய்த் தூள், கால் தேக்கரண்டி மஞ்சள், தேவையான உப்பு. எண்ணெய் ஓரத்தில் பிரியும்வரை சிறு தீயில் கிளறவும். வறுத்துப் பொடித்த வெந்தயம் அரைத் தேக்கரண்டி, பெருங்காயம், சிறு துண்டு வெல்லம் சேர்த்து இறக்கவும். பக்கத்து வீட்டுப் பாட்டி வான்கோழித் துண்டின் மேல் இதைத் தடவிக்கொண்டு சாப்பிடுவார். ஒரு சீசா அவருக்கென்று தனியாக எடுத்து வைத்துவிடுவோம்.

பம்ப்கின் பை: மாவுக்கு 1¼ கப் மைதா, அரைத் தேக்கரண்டி உப்பு, சில்லென்ற வெண்ணெய் 113 கிராம், ஐஸ் தண்ணீர் 3 அல்லது 4 மேசைக்கரண்டி. சப்பாத்திக்குப் பிசைவது போல அழுத்திப் பிசைந்தால் கெட்டது. வெண்ணெய் பட்டாணி அளவுத் துண்டுகளாக மாவில் தெரிய வேண்டும், அதுதான் உருகி அடுக்கடுக்காக வரும். உருட்டி மூடி 1 மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, பிறகு தேய்த்து 9 அங்குலத் தட்டில் விரியுங்கள். உள்ளே ஊற்ற: 15 அவுன்ஸ் டின் பரங்கி விழுது, 12 அவுன்ஸ் எவாபரேட்டட் மில்க், முக்கால் கப் சர்க்கரை, 2 முட்டை, பட்டைத் தூள் 1 தேக்கரண்டி, சுக்குத் தூள் அரை, கிராம்புத் தூள் கால், உப்பு அரை. எவாபரேட்டட் மில்க் என்பது நாம் பாயசத்துக்கு ஊற்றும் கண்டென்ஸ்டு மில்க் அல்ல, அதில் சர்க்கரை கிடையாது. டின்னிலும் வெறும் பரங்கி மட்டும் உள்ளதா, சர்க்கரை சேர்த்த பை ஃபில்லிங்கா என்று பார்த்து எடுக்கவும். இந்தக் கலவை ஒரு ஆழமான தட்டுக்கு. தட்டு ஆழமில்லாவிட்டால் மீறுவதைக் கிண்ணத்தில் ஊற்றித் தனியாக வேகவிடுங்கள். 425 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 15 நிமிடம், 350-க்குக் குறைத்து 40 முதல் 50 நிமிடம். நடுவில் லேசாக ஆடும்போதே எடுத்துவிட வேண்டும். ஆறியதும் ஃபிரிட்ஜில். முட்டை சாப்பிடாதவர்களுக்கு ஆப்பிள் பை, அதே மாவு, முட்டை தேவையில்லை.

ஸ்டஃபிங்குக்கு ஒன்றரை பவுண்டு ரொட்டியைத் துண்டு போட்டு இரவு முழுக்கத் தட்டில் உலர விடுங்கள். இதைப் பறவையின் வயிற்றில் அடைப்பது பழைய வழக்கம். நான் தனித் தட்டில் செய்கிறேன். உள்ளே அடைத்தால் நடுவரை வேகாமல் போகும் ஆபத்து உண்டு, சைவக்காரர்களும் தொட முடியாது. பீன்ஸ் கேசரோல் (சூப்பில் கலந்து ஓவனில் வேகவைக்கும் பீன்ஸ்) வேண்டுமென்றால் அதையும் இன்றே கலந்து வைக்கலாம். நூறாண்டுப் பாரம்பரியம் போலத் தோன்றும் அந்தப் பதார்த்தம், 1955-ல் கேம்ப்பெல் சூப் நிறுவனத்தின் சமையல் கூடத்தில் டார்கஸ் ரைலி என்பவர் உருவாக்கியது. தலைமுறைக்கு ஒன்று புதிதாகச் சேர்ந்து பிறகு அதுவே மரபாகிறது. தொக்கும் சேரும்.

வியாழன்: நாலு மணிச் சாப்பாட்டுக்கு நேரக் கணக்கு

காலை 9: தொலைக்காட்சியில் நியூயார்க் மேசிஸ் கடையின் ஊர்வலம். 1924-ல் தொடங்கியது, ராட்சத பலூன்கள் வரும், பிள்ளைகளை அதன் முன் உட்கார வைத்தால் இரண்டு மணி நேரம் கவலையில்லை. கழுத்தெலும்பு, வெங்காயம், கேரட், செலரி, மிளகு போட்டு 6 கப் தண்ணீரில் ரசம், அதாவது கிரேவிக்கான எலும்புச் சாறு, கொதிக்கட்டும். சைவத்துக்குத் தனிப் பாத்திரத்தில் காளான் போட்டு.

10:15: பறவையை வெளியே எடுத்து, வெண்ணெயைத் தோலுக்கடியில் வைத்து, கால்களைக் கட்டி, கம்பித் தட்டின் மேல் வைக்கவும்.

11:15: 325 டிகிரி ஓவனுக்குள். உள்ளே எதுவும் அடைக்காத 14 பவுண்டுக்கு மூன்றேமுக்கால் மணி நேரம் வரை ஆகலாம். இரண்டேமுக்கால் மணி நேரத்திலேயே சோதிக்கத் தொடங்குங்கள். பறவையில் குத்தியே வரும், வெந்ததும் மேலெழும்பும் பிளாஸ்டிக் பொத்தானை நம்ப வேண்டாம். தெர்மாமீட்டரை நெஞ்சின் தடித்த இடம், தொடையின் உள்பக்கம், இறக்கை சேருமிடம் மூன்றிலும் எலும்பில் படாமல் குத்திப் பாருங்கள். 165 டிகிரி, அதாவது 74 செல்சியஸ், காட்டினால் வெந்துவிட்டது. நெஞ்சு சீக்கிரம் கருகினால் ஃபாயில் தாளால் மூடுங்கள்.

3 மணி: வெளியே எடுத்து 45 நிமிடம் தொடாமல் வைக்கவும். உடனே வெட்டினால் சாறெல்லாம் பலகையில் ஓடிவிடும். காலியான ஓவனை 350-க்கு ஏற்றி ஸ்டஃபிங், கேசரோல், கிழங்கு எல்லாம் உள்ளே. ஸ்டஃபிங்குக்கு 113 கிராம் வெண்ணெயில் 2 வெங்காயம், 4 செலரித் தண்டு, சேஜ் வதக்கி, உலர்ந்த ரொட்டியோடு கலந்து, 2½ கப் சைவ ரசம் ஊற்றினால் 40 நிமிடத்தில் மேலே முறுகும். அதற்குள் கிரேவி. வறுத்த தட்டில் இறங்கிய கொழுப்பில் 4 மேசைக்கரண்டி எடுத்து, அதே அளவு மைதா போட்டு வாசனை வர வறுத்து, 2 கப் ரசத்தைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கிளறவும். உருளைக்கிழங்கு மசியல் உங்களுக்குத் தெரியும், வெண்ணெயும் சூடான பாலும் தாராளமாக விடுங்கள்.

நம் பண்டம் ஒன்று போதும், அதிகம் போனால் இரண்டு. எலுமிச்சைச் சாதம், வடை, பிரியாணி என்று அடுக்கினால் சமைப்பவர் மேசைக்கு வந்து உட்காரவே மாட்டார்.

நன்றி சொல்லும் நேரம்

முதல் வருடம் என் மாமியார் கேட்ட கேள்வி இது. "வீட்டு மனுஷங்களுக்கு எதுக்கும்மா நன்றி? அது வெளியாளுக்குச் சொல்றதில்லையா?" நியாயமான கேள்வி. நம் வீடுகளில் அம்மா சோறு போட்டால் நன்றி என்று சொல்வதில்லை. சொன்னால் அது உறவை ஒரு முழம் தள்ளி வைப்பது போல இருக்கும். 'இன்னும் கொஞ்சம் போடு' என்பதுதான் நம் நன்றி. அதனால் இந்த நாளில் அந்த வார்த்தையைக் கட்டாயப்படுத்தினால் எல்லோரும் 'குடும்பத்துக்கும் ஆரோக்கியத்துக்கும் நன்றி' என்று ஒப்பித்துவிட்டு அடுத்தவரைப் பார்ப்பார்கள்.

பல வருடம் மாற்றி மாற்றிப் பார்த்து நாங்கள் கண்டது இதுதான். நன்றி என்ற சொல்லையே விட்டுவிடுங்கள். இலையில் மூன்று மட்டும் எழுதச் சொல்லுங்கள்: யார், எப்போது, என்ன செய்தார். ஒரே ஒரு சம்பவம். 'எனக்கு எப்போதும் துணையாக இருக்கும் கணவருக்கு' என்பது சம்பவம் இல்லை. 'பிப்ரவரிப் பனியில், நான் இரவு டியூட்டியிலிருந்து வருமுன் என் கார் நிறுத்தும் இடத்தைத் தோண்டி வைத்தவருக்கு' என்பது சம்பவம்.

வருகிறவர்களுக்கு 2 நாள் முன்பே சொல்லிவிடுங்கள். திடீரென்று கேட்டால் யாருக்கும் எதுவும் வராது. இலையை எந்த மொழியிலும் எழுதலாம், பெயர் போட வேண்டியதில்லை. எழுத விருப்பமில்லாதவரை விட்டுவிடுங்கள், முக்கியமாகப் பதின்ம வயதுப் பிள்ளைகளை. அவர்கள் கடைசியில் தாங்களாகவே ஒரு இலையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போவார்கள்.

நேரம் முக்கியம். சாப்பாட்டுக்கு முன் வேண்டாம், பசித்த பிள்ளைகள் கேட்காது, கிரேவி ஆறிவிடும். விருந்தாளி யாராவது சாப்பாட்டுக்கு முன் ஜெபம் செய்பவராக இருந்தால் அவரைச் செய்யச் சொல்லி நாமும் அமைதியாக இருப்போம், அது வேறு. இலைகளைப் படிப்பது சாப்பாட்டுக்கும் பைக்கும் நடுவில். தட்டுகளை எடுத்துவிட்டு, காபி போட்டு, டிவியில் ஓடும் ஃபுட்பாலை நிறுத்திவிட்டு.

அந்த நேரத்தை எப்படித் தொடங்குவது என்பதற்கு ஹோடனோஷோனி என்ற பூர்வகுடி மக்களிடமிருந்து ஒன்று கற்றுக்கொண்டோம். அவர்கள் எந்தக் கூட்டத்தையும் நன்றியுரையோடு தொடங்குவார்கள். மனிதர், பூமி, தண்ணீர், மீன்கள், செடிகள், காற்று, சூரியன் என்று ஒவ்வொன்றாக அழைத்து நன்றி சொல்லி, ஒவ்வொன்றின் முடிவிலும் இப்போது நம் மனங்கள் ஒன்று என்பார்கள். அதை அப்படியே எடுத்து நடிக்க நமக்கு உரிமையில்லை. ஆனால் மனிதருக்கு அப்பாலும் நன்றிக்கு ஆள் உண்டு என்பதைப் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். என் மகன் ஒரு வருடம் பள்ளிப் பேருந்து நிற்குமிடத்தில் நிழல் தந்த மரத்துக்கு எழுதினான்.

எழுதியவரே படிக்கக் கூடாது. கூடையில் போட்டுக் குலுக்கி, ஆளுக்கொன்று எடுத்து, இன்னொருவர் இலையைப் படிக்க வேண்டும். கூச்சம் பாதி போய்விடும். வேட்டி விரித்த அந்த முதல் வருடம் என் மகளுக்குக் கிடைத்தது அவள் பாட்டியின் இலை. வாரக் கடைசித் தமிழ்ப் பள்ளியில் கற்ற தமிழ், அதிலும் பாட்டியின் கையெழுத்து. எழுத்துக் கூட்டிப் படித்தாள். "தாத்தா போன பிறகு, தூக்கம் வராம நான் முழிச்சிருந்த ராத்திரி எல்லாம், காரணம் கேக்காம எழுந்து வந்து டீ போட்டுக் கொடுத்து கூட உட்கார்ந்தவளுக்கு." டீ என்ற சொல்லில் அவள் தடுமாறி இரண்டு முறை படித்தாள். நான் என் மாமியாரைப் பார்க்கவில்லை, அவரும் என்னைப் பார்க்கவில்லை. மேசைக்கடியில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இறந்தவர்களுக்கும் அந்த வருடம் வர முடியாதவர்களுக்கும் ஒவ்வொரு வெற்று இலை கட்டுவோம். அதற்குத்தான் கூடுதல் இலைகள். படித்து முடித்த இலைகளைக் கிளையில் கட்டிய பின் பை வெட்டலாம். மேசையைத் துடைத்துவிட்டு வேட்டியில் கையெழுத்து. தொக்குக் கிண்ணம் மேசையை விட்டுப் போன பிறகே பென்சிலை எடுங்கள், மஞ்சள் கறை போகாது.

வெள்ளிக்கிழமை

மீந்ததை 2 மணி நேரத்துக்குள் சிறு டப்பாக்களில் பிரித்து ஃபிரிட்ஜில் வைத்திருக்க வேண்டும், 3 அல்லது 4 நாளுக்குள் தீர்க்க வேண்டும். மாணவர்களுக்கு வியாழன் இரவே கட்டிக் கொடுத்துவிடுங்கள், காலி டப்பாக்களை ஒரு மாதமாகவே சேர்த்து வைத்திருக்க வேண்டும். நெஞ்செலும்பின் மேலிருக்கும் கவட்டை எலும்பைத் தனியாக எடுத்துக் காயவையுங்கள், இரண்டு பிள்ளைகள் ஆளுக்கொரு முனை பிடித்து இழுத்து, பெரிய துண்டு கிடைத்தவர் ஒன்று வேண்டிக்கொள்வார்.

மற்ற எலும்புகளைப் பெரிய பாத்திரத்தில் போட்டு, இஞ்சி, பூண்டு, மிளகு, சீரகம் தட்டிப் போட்டு 3 மணி நேரம் சிறு தீயில் விடுங்கள். வடிகட்டித் தாளித்தால் குளிருக்கு அதைவிட எதுவும் வேண்டாம். இலைகளைக் கிளையிலிருந்து அவிழ்த்து, வருடம் எழுதிய உறையில் போட்டுவிடலாம்.

என் மாமியார் இங்கே இருக்கும் வருடங்களில் அன்று மதியம் ஜன்னலோரம் வெயில் விழும் இடத்தில் உட்கார்ந்து தைப்பார். வேட்டியில் இப்போது தமிழ், ஆங்கிலம், தெலுங்கு, கொரியன் என்று நாலு எழுத்து இருக்கிறது. கொரிய எழுத்தை மட்டும் கோணல் வந்துவிடுமோ என்று பயந்து அந்த மாணவிக்கு வீடியோ கால் போட்டு, கோடு எந்தப் பக்கம் இழுக்க வேண்டும் என்று கேட்டுக் கேட்டுத் தைத்தார். இந்த வருடத்து நூல் அரக்கு நிறம், வாங்கி வைத்துவிட்டேன்.